நீரின் மாசும் ஒளியின் அளவும்

மத்திய மலைநாட்டிற் பிறக்கும் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே, மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. வழியிலே கண்டி நகரின் கழிவுநீரை மெத எல என்னும் ஓடை அதனிடம் கொண்டுவந்து சேர்க்கின்றது. ஆதலால் ஆற்றின் தூய்மை மலைநாட்டாருக்கு மட்டும் உரிய கவலையன்று. கழிமுகத்தில் வலை வீசுவோருக்கும் உரியதாகும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. கண்ணுக்குத் தோன்றாத அழுக்கை அளப்பது எங்ஙனம்?

பிரித்தானிய அரச ஆணைக்குழு ஒன்று 1912ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தது. நீரை ஐந்து நாள் மூடிவைத்து, அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள் செலவிட்ட ஒட்சிசனை அளப்பதே அம்முறை. இன்றும் அது கையாளப்படுகின்றது. ஆனால் விடை வரும்வரை ஆறு காத்து நிற்பதில்லை.

விரைந்த வழி ஒளியிற் கிடைத்தது. ஒரு கதிரை ஏற்று வேறோர் ஒளியை உமிழும் இயல்பைப் பேரறிஞர் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கினார். புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தைக் கொண்டு அதற்குப் பெயருமிட்டார். அதுவே புளோரொளிர்வு. கழிவுநீரில் மிகுந்து காணப்படும் டிரிப்டோபான் போன்ற பொருள்கள் 280 நானோமீற்றர் அலைநீளக் கதிரை ஏற்று, ஏறத்தாழ 350 நானோமீற்றரில் ஒளிர்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வொளியைக் கருவி சில நிமிடங்களில் அளந்துவிடும்.

ஆயினும் கருவிக்குக் கருவி அளவு வேறுபடுமே! இங்குதான் தமிழர் பெருமைப்படத்தக்க வரலாறு ஒன்று வருகின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வெங்கடராமனின் கல்கத்தா ஆய்வுகூடத்தில், 1923இல் கே. ஆர். இராமநாதன் நீரிலே மங்கிய ஒளியொன்றைக் கண்டார். அது மாசினால் எழும் புளோரொளிர்வு என்றே முதலிற் கருதப்பட்டது. நீரை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் ஒளி நீங்கவில்லை. 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, இராமன் உண்மையைத் தெளிந்தார்: அது மாசின் ஒளியன்று, மூலக்கூறுகளின் இயல்பாற் சிதறும் ஒளி. 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

350 நானோமீற்றர் கதிரைத் தூய நீரிற் செலுத்தினால், அவ்விராமன் ஒளி 397 நானோமீற்றரில் தோன்றும். ஆய்வாளர் இன்று அதனையே படிக்கல்லாக வைத்து ஆற்றுநீரின் ஒளிர்வை நிறுக்கின்றனர். மாசென்று ஐயுறப்பட்ட ஒளியே மாசை அளக்கும் அளவையாயிற்று.

இம்முறை ஈயம் முதலிய உலோக நஞ்சுகளைக் காட்டாது. கலங்கிய நீரிலோ ஒளி குன்றும். எனினும் கழிவு ஆற்றினுட் புகும் இடத்தைக் கரையோரமாகவே சென்று கண்டறிய அது உதவும். அவ்விடத்திலேயே அதனைத் தடுத்தல், குடாவிலே வலை வீசுவோருக்கு மேல்நாட்டு நகரம் ஆற்றவேண்டிய கடமையாகும்.