இழப்பும் மனநோயும்: நிராலாவின் வாழ்வும் எழுத்தும் தரும் சான்றுகள்

முன்னுரை

இறந்தாரை எண்ணி இரங்கும் பாடல்களுக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. கையறுநிலை என்னும் துறையில் அமைந்த புறநானூற்றுப் பாடல்கள் பெரும்பாலும் புரவலனை இழந்த புலவர்தம் கூற்றுகளாக அமைந்துள்ளன. தந்தையை இழந்த பாரி மகளிரின் பாடல் (புறம். 112) அவற்றுள் தனித்து நிற்பது. மகளை இழந்த தந்தை ஒருவர் தம் குற்றவுணர்வு, வறுமை, இயலாமை ஆகியவற்றை மறையாது கூறிய நெடும்பாடல் ஒன்று 1935ஆம் ஆண்டில் இந்தி மொழியில் தோன்றியது. ‘சரோஜ் ஸ்மிருதி’ என்னும் அப்பாடலை இயற்றியவர் சூரியகாந்த் திரிபாடி ‘நிராலா’. பிற்காலத்தில் அவர் மனநோய்க்கும் ஆளானார். அவருடைய துயரும் நோயும் பிற்காலத்தாரால் ஒரே கதையாகப் பிணைக்கப்பட்டன. அப்பிணைப்பு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1918: நோயும் நதியும்

நிராலா வங்காளத்தின் மேதினிபூர் மாவட்டத்து மகிஷாதலில் பிறந்தவர். பிறந்த ஆண்டினை 1896 என்பாரும் 1899 என்பாரும் உளர். குடும்பத்தின் பூர்விக ஊர் உன்னாவ் மாவட்டத்துக் கடாகோலா. தந்தை மகிஷாதல் சமஸ்தானத்தில் பணியாற்றினார். தாயை நிராலா இளமையிலேயே இழந்தார். வங்காளி பேசும் சூழலில் வளர்ந்த அவரை இந்தியின்பால் ஈர்த்தவர் ராய்பரேலி மாவட்டத்து டல்மவுவைச் சேர்ந்த அவர் மனைவி மனோகரா தேவி ஆவார்.

1918ஆம் ஆண்டு இன்புளுயன்சா கொள்ளைநோய் இந்தியாவெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை கூடாது குறைந்தமைக்கு இந்நோயே முதன்மைக் காரணம். மனைவி நோயுற்ற செய்தி கேட்டு நிராலா டல்மவு சென்றடைவதற்குள் அவர் இறந்துவிட்டார். அடுத்து அண்ணன் முறையினரும், அண்ணியும், குடும்பத்தின் பிறரும் இறந்தனர். எஞ்சிய சிறுவர்களும், தம் மக்களாகிய ராமகிருஷ்ணனும் சரோஜும் நிராலாவின் பொறுப்பாயினர். சரோஜுக்கு அப்பொழுது ஒன்றேகால் வயது.

இவ்விழப்புகளை நிராலா உடனடியாக எழுதவில்லை என்பது கருதத்தக்கது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து 1939இல் வெளிவந்த ‘குல்லீ பாட்’ என்னும் நூலிலேயே அவை விரிவாக இடம்பெறுகின்றன. டல்மவுவில் கங்கை நெடுகிலும் பிணங்கள் மிதந்த காட்சியை அந்நூல் மிகைப்படுத்தாமல் கூறுகிறது. நகைச்சுவை மிகுந்த அந்நூலின் நடுவே இப்பகுதி குறுகிய சொற்களால் அமைந்துள்ளது. குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக இறந்தமையை அடுக்கிக் கூறுமிடத்தில் அழுகை இல்லை, எண்ணிக்கையே உள்ளது. பேரிழப்பின்முன் உணர்வு மரத்துப்போன நிலையை இந்நடை உணர்த்துகிறது எனலாம்.

1935: தந்தையின் கூற்று

சரோஜ் டல்மவுவில் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தார். 18 ஆண்டுகள் நிறைந்து 19ஆம் அகவையில் அடியெடுத்து வைத்த நிலையில் 1935இல் இறந்தார். அவ்வாண்டிலேயே எழுதப்பட்ட ‘சரோஜ் ஸ்மிருதி’ 1938இல் வெளிவந்த ‘அனாமிகா’ தொகுப்பில் இடம்பெற்றது.

இப்பாடலில் மூன்று கூறுகள் ஒன்றோடொன்று பின்னியுள்ளன. முதலாவது, பொருளீட்டத் தெரியாத தந்தை என்னும் தன்குறை. மகளுக்கென எதனையும் செய்ய இயலவில்லை என நிராலா தம்மையே பழிக்கிறார். பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பியனுப்பிய படைப்புகளைக் கையில் கொண்டு வெட்டவெளியில் நெடுநேரம் அமர்ந்து, அருகிலிருந்த புல்லைப் பிய்த்தெறிந்த நாட்களை நினைவுகூர்கிறார். ஊக்கமிழந்த மனத்தின் இயல்பினை அச்சிறு செயல் புலப்படுத்துகிறது.

இரண்டாவது, சமூகத்தோடு கொண்ட பிணக்கு. மறுமணம் செய்யுமாறு உறவினர் வற்புறுத்தியபொழுது, இரு திருமணம் எனக் கணித்த தம் சாதகத்தைக் குழந்தை சரோஜிடம் விளையாடக் கொடுத்துவிட்டதாக நிராலா கூறுகிறார். மகளின் திருமணத்தையும் வரதட்சணை இன்றி, வழக்கமான ஆரவாரங்கள் இன்றித் தாமே முன்னின்று நடத்தினார். தாயில்லா மகளுக்குத் தாய் கூற வேண்டியவற்றையும் தாமே கூறினார். சகுந்தலையை வழியனுப்பிய கண்ணுவரின் நினைவு அவ்விடத்தில் எழுகிறது. ஆயின் அக்கதை வேறு, தம் கதை வேறு என அவரே மறுத்துவிடுகிறார்.

மூன்றாவது, இறுதிக் கடன். நீர்க்கடன் ஆற்ற வேண்டிய தந்தை, தாம் செய்த நற்செயல்களின் பயன் அனைத்தையும் மகளுக்குத் தருப்பணமாக அளிப்பதாகப் பாடல் முடிகிறது. பாரி மகளிர் பாடலில் மக்கள் தந்தைக்கு இரங்கினர். இங்கு முறை தலைகீழாகியுள்ளது. கையறுநிலை இறந்தாரின் புகழைப் பெரிதும் போற்றும். ‘சரோஜ் ஸ்மிருதி’யோ எஞ்சியவரின் குறையையும் உடன் கூறுகிறது. ஆகவே இரங்கற்பாவும் தன்வரலாறும் இணைந்த வடிவமாக இதனைக் கொள்வது பொருந்தும்.

நோயுற்ற ஆண்டுகள்

மகளின் இறப்பு நிராலாவின் மனத்தை உடைத்தது. அதன் விளைவே பிற்கால நோய் என்பது பரவலான கூற்று. கால வரிசை இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. ‘ராம் கீ சக்தி பூஜா’ 1936இலும், ‘துளசிதாஸ்’ 1938இலும் வெளிவந்தன. அவருடைய கட்டமைப்புத் திறனின் உச்சம் எனக் கருதப்படும் படைப்புகள் மகள் இறந்த பின்னரே தோன்றின என்பது இதனால் பெறப்படும். மனநலக் குலைவின் அறிகுறிகள் 1940களில் மிகுந்தன. இல்லாதாரை விளித்துப் பேசுதல், நடவாதவற்றை நடந்தனவாகக் கூறுதல் முதலியவை வரலாற்றாசிரியர்களால் குறிக்கப்பட்டுள்ளன. இழப்பும் வறுமையும் புறக்கணிப்பும் நோயின் சுமையைக் கூட்டியிருக்கலாம். ஒன்றினையே காரணமாக நிறுவச் சான்று இல்லை.

அக்காலத்து மருத்துவச் சூழலையும் இங்குக் கருத வேண்டும். 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமே அப்பொழுது நடைமுறையில் இருந்தது. நோயரைப் பேணுவதைவிட அடைத்துக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். 1946இல் அளிக்கப்பட்ட போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதற்கும் மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 10,000 படுக்கைகளே இருந்தமையைச் சுட்டியது. முதல் மனநோய் மருந்தாகிய குளோர்புரோமசைன் 1952இல்தான் பிரான்சில் பயன்பாட்டிற்கு வந்தது. எனவே நோயுற்றோரில் மிகப் பலர் வீட்டாராலும் நண்பராலுமே பேணப்பட்டனர்.

நிராலா அலகாபாத்தின் தாராகஞ்ச் பகுதியில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவர்பால் உடன்பிறப்பன்பு கொண்ட மகாதேவி வர்மா ‘பத் கே சாத்தீ’ (1956) என்னும் நூலில் அவரைப் பற்றி எழுதியுள்ளார். நிராலா தம்மிடம் கொடுத்துவைத்த பணத்தைக் கொண்டு அவருக்கு வரவுசெலவுத் திட்டம் வகுக்க முயன்றதையும், அப்பணம் முழுவதையும் தேவையுற்ற பிறருக்கென நிராலா கேட்டுப் பெற்றுக்கொண்டதையும் அவர் பதிவு செய்கிறார். அன்பு கலந்த சலிப்போடு எழுதப்பட்ட அப்பகுதி, பேணுவோர் படும் பாட்டிற்கும் சான்றாகிறது.

இவ்வாண்டுகளில் எழுத்து நின்றுவிடவில்லை. ‘அர்ச்சனா’ (1950), ‘ஆராதனா’ (1953) ஆகிய தொகுப்புகளின் சிறு பாடல்கள் எளிய சொற்களால் இறையருளை வேண்டுகின்றன. மூப்பு, தளர்ச்சி, அடைக்கலம் ஆகியவையே அவற்றின் பாடுபொருள்கள். 1961 அக்டோபர் 15 அன்று நிராலா மறைந்தார்.

புகழ்மொழியும் வரலாறும்

நிராலாவை ‘மகாபிராண்’ எனவும், உலகியல் கடந்த அவதூதர் எனவும் போற்றுவது இந்தி உலகில் வழக்கமாயிற்று. பித்து என்னும் சொல் இறைவனுக்கும் அடியார்க்கும் உரிய பெருமைச் சொல்லாகப் பத்திமரபில் ஆளப்படுதலைத் தமிழரும் அறிவர். இவ்வகைப் போற்றுதல் நோயுற்றவரை இழிவிலிருந்து காத்தது உண்மை. ஆயினும் அவர் பட்ட துன்பத்தைப் பெருமையாக மாற்றி, அவருக்கு வேண்டியிருந்த மருத்துவத்தையும் வருவாயையும் அது மறைத்தது. ராம்விலாஸ் சர்மாவின் ‘நிராலா கீ சாகித்ய சாதனா’ (மூன்று பகுதிகள், 1969, 1972, 1976) இம்மறைப்பினைப் பெரிதும் நீக்கியது. கடன், உணவு, உறைவிடம், பதிப்பாளரோடு கொண்ட பிணக்குகள் ஆகியவற்றை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. அதன் முதற்பகுதி 1970இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

முடிவுரை

நிராலாவின் துயரும் நோயும் தொடர்புடையன எனினும் ஒன்றல்ல. துயரினை அவர் தாமே எழுதினார்; நோயினைப் பெரிதும் பிறரே எழுதினர். ஆகவே முன்னதற்கு அவர்தம் சொல்லும், பின்னதற்கு உடனிருந்தார் சொல்லும் சான்றாகின்றன. இவ்விரு வகைச் சான்றுகளையும் கலவாமல் கொள்ளுதல் இத்தகைய வரலாறுகளை எழுதுவார்க்கு இன்றியமையாதது. 1912ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக 1987ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக நோயரின் உரிமையை முன்னிறுத்தும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வந்துள்ளன. நோயரைக் குறித்த சட்டத்தின் மொழி மாறியுள்ள நிலையில், இலக்கிய வரலாற்றின் மொழியும் மாற வேண்டும். நோயுற்ற படைப்பாளியைத் தெய்விகப் பித்தராகவோ இரங்கத்தக்கவராகவோ மட்டும் காணாது, துன்பத்தினூடே வாழ்ந்து உழைத்த மனிதராகக் காண்பதற்கு நிராலாவின் வாழ்வும் எழுத்தும் வழிகாட்டுகின்றன.