பெயர்ந்த ஊர்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில், எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டுப் புதுநகர் வரும். அடுத்த ஸ்டேஷன் அத்திப்பட்டு. புது ஊர் முன்னே, பழைய ஊர் பின்னே. அந்தப் பலகைகளைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு இத்தாலி தேசத்து ஊர் ஒன்று ஞாபகம் வரும். ஆஃப்ரிகோ என்று பெயர். அதற்கும் இப்படிப் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. பழையது மலையில், புதியது கடற்கரையில்.

இத்தாலியின் படம் பூட்ஸ் போட்ட கால் மாதிரி இருக்குமல்லவா? அதன் நுனிவிரல் கலாப்ரியா. அங்கே அஸ்ப்ரோமோந்தே மலைக்குள் இருந்தது பழைய ஆஃப்ரிகோ. வண்டிப்பாதை கிடையாது, கோவேறு கழுதைத் தடந்தான். ஆடு மேய்ப்பதே பெரும்பாலோர் பிழைப்பு. 1908 பூகம்பத்தின்போது கலாப்ரியாவுக்குத் தொண்டு செய்ய வந்தவர் உம்பெர்த்தோ சானொத்தி பியாங்கோ. 1928-ல் அவர் இந்த ஊருக்கு ஏறிப் போனார். ஜனங்கள் தின்ற ரொட்டியைப் பார்த்துத் திகைத்துப் போனார். அதில் கோதுமையே இல்லை. பயறும் பார்லியும் அரைத்த மாவு! 1948-ல் தீனோ பெத்ரெல்லி என்ற புகைப்படக்காரர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் குழந்தைகளையும் படமெடுத்து வந்தார். பத்திரிகையில் வெளியான அந்தப் படங்கள் அவ்வூரின் வறுமையை நாட்டுக்குக் காட்டின.

1951 அக்டோபரில் நாள் கணக்கில் மழை கொட்டியது. மலைச்சரிவு இளகியது, வீடுகள் சரிந்தன. ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். முகாம்களில் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் பியாங்கோ என்ற ஊரின் அருகே, அயோனியன் கடலோரத்தில், புது ஆஃப்ரிகோ எழுந்தது.

நேரான வீதிகள், சாலை, மின்சாரம். மலையில் கனவிலும் காணாதவை! ஆனால் மேய்ச்சல் நிலம் மலையிலேயே நின்றுவிட்டது. எதிரே விரிந்த கடலோ அவர்கள் அறியாதது. ஆட்டிடையனைக் கடற்கரையில் குடிவைத்தால் அவன் செம்படவன் ஆகிவிடுவானா? பலர் பிழைப்புத் தேடி மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். சிலர் கொள்ளைக்கூட்டங்களில் சேர்ந்தார்கள், ஊர்ப்பெயரே கெட்டது. கொர்ராதோ ஸ்தயானோ 1979-ல் இவ்வூர்ப் பெயரையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதினார். அவ்வூரில் பிறந்த ஜொவாக்கினோ கிரியாக்கோவின் நாவல் 2008-ல் வந்தது. 2014-ல் திரைப்படமும் ஆயிற்று.

அவர்கள் மலையிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பசியும் மண்சரிவும் யாருக்கும் அழகல்ல. வீடு கொடுத்தவர்கள், 'இங்கே எதைக் கொண்டு பிழைப்பாய்?' என்ற கேள்விக்கும் விடை கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். மரத்தைப் பெயர்த்து நடுகிறவன்கூட வேரோடு தாய்மண்ணையும் சேர்த்தல்லவா எடுக்கிறான்?

மலையில் இப்போது இடிந்த சுவர்கள்தாம். ஆனாலும் அந்த ஜனங்கள் தங்கள் புனித லியோவை மறக்கவில்லை. மலைக்காட்டில் கீல் எடுத்து, அதை ரொட்டியாக்கி ஏழைகளின் பசியாற்றினவர் என்பது அவரைப் பற்றிய ஐதீகம்.

ஊர் கீழே இறங்கிவிட்டது. சாமியின் கதை மட்டும் மலைக்காட்டை விட்டு இறங்கவில்லை!