முறுக்குக் கோலும் மலைநாட்டு வீதியும்

கண்டி வீதியின் வரலாற்றைக் கூறுவோர் அதனை அமைத்தவர்களை மறப்பதில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அவ்வீதியை வகுத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரமே உண்டு. ஆனால் அவ்வீதியின் வளைவுகளில் ஏறியிறங்கிய மோட்டார் வண்டிகளின் பொறியமைப்போ வரலாற்று மாணவரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. வண்டியின் பின்புறம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்ற சிறு வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1931ஆம் ஆண்டில் பேர்டினண்ட் போர்ஷே முறுக்குக் கோல் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். அடுக்குத் தகட்டு வில்லுக்குப் பதிலாக, குறுக்கே கிடக்கும் உருக்குக் கோலொன்று முறுகி மீண்டு பாரத்தைத் தாங்குவதே இதன் தத்துவமாகும். பொதுமக்களுக்கென அமைந்த வொக்ஸ்வாகன் 'வண்டு' காரிலும், 1948இல் தோன்றிய போர்ஷே 356 பந்தயப் பாணிக் காரிலும், 1964 முதல் 1989 வரை வெளிவந்த 911 காரிலும் பின்சில்லுகளைத் தாங்கியது இவ்வமைப்பே. எளியவரின் வண்டிக்கும் செல்வரின் வண்டிக்கும் ஒரே முதுகெலும்பு அமைந்தது வியப்புக்குரியது.

உயரத்தை மாற்றும் முறை நுட்பமானது. கோலின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்முனையில் ஒரு பல் நகர்ந்தால் 9 பாகை திரும்பும். வெளிமுனையில் ஒரு பல் நகர்ந்தால் ஏறத்தாழ 8 பாகை 10 கலை திரும்பும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக நகர்த்தின் எஞ்சுவது 50 கலை மட்டுமே. வேணியர் அளவுகோலின் தத்துவம் இங்கே பட்டறைக்கு வந்துவிட்டது எனலாம். பல்லை மாற்றுவதனால் கோலின் விறைப்புக் கூடுவதில்லை. தொடக்கக் கோணம் மட்டுமே மாறுகின்றது. தாங்கு தகட்டைத் தடுப்பிலிருந்து விடுவிக்கையில், முறுகிய கோல் அதனைப் பெருவிசையுடன் கீழே எறியும் என்பதால் அவசரக்காரருக்கு இவ்வேலை ஆகாது.

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றில் ஓடுவோர் வண்டியைத் தாழ்த்த விரும்புவர். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் செல்வோரோ உயர்த்த விரும்புவர். பின்னவர் விருப்பிலேதான் ஆபத்து அதிகம். 356 காரிலும் பழைய 'வண்டு' காரிலும் ஊசலாடும் பின்னச்சு அமைந்துள்ளது. பின்புறம் அளவுக்கு மீறி உயர்ந்தால் சில்லுகளின் அடிப்பாகம் உள்நோக்கி ஒடுங்கும். கடும் வளைவில் வெளிச்சில்லு மேலும் மடங்கி வண்டியைத் தூக்கிவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் 50 கலையின் பெறுமதி அப்போது விளங்கும்.

1960களில் இறுகிய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1977 வரை புதிய கார்களின் வரவை மிகவும் ஒடுக்கியது. பழைய வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லாதிருந்த அக்காலத்தில், ஆண்டுகள் பல பாரஞ்சுமந்து தளர்ந்த கோலைப் பல் மாற்றி மீண்டும் நிமிர்த்த இயன்றமை இவ்வமைப்பின் பெருஞ் சிறப்பாகும். தகட்டு வில்லை நிமிர்த்தக் கொல்லனின் உலை வேண்டும். இதற்குச் சாவியும் கோணமானியும் பொறுமையும் போதும். 911 கார் 1989இல் சுருள்வில்லுக்கு மாறிய பின்னரும், 2003இல் மெக்சிக்கோவில் உற்பத்தி முடியும்வரை 'வண்டு' முறுக்குக் கோலிலேயே ஓடியது.