முடிவு தெரியாத வரிசையில் தேடுதல்: ஒரு சிறு வரலாறு



சுவா சூ காங்கில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் எண்ணுப்பெயர்களைப் பழக்குவதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாணவர் 1 முதல் 100 வரை ஏதேனும் ஓர் எண்ணை மனத்தில் கொள்வார். மற்றவர்கள் "ஐம்பதுக்கு மேலா?", "எழுபத்தைந்துக்கு மேலா?" என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் எஞ்சியவை பாதியாகக் குறைவதால், ஏழு வினாக்களுக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும்.

ஒருநாள் ஒரு சிறுமியின் முறை வந்தது. எந்த எண்ணைச் சொன்னாலும் "மேலே, மேலே" என்றாள். நூறையும் கடந்துவிட்டது. "அது விதியை மீறியது" என்றேன். "எத்தனைக்குள் என்று இன்றைக்கு நீங்கள் சொல்லவே இல்லையே, சார்!" என்றாள் அவள். உண்மைதான், நான் சொல்ல மறந்திருந்தேன். முடிவு தெரியாதபோது நடு எது? எனக்கு அன்று விடை தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறினேன். அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாதி பாதியாகத் தேடுவதற்குப் பொருள்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். நம் பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளாக்கியவை. அவற்றைப் பயன்படுத்த மனப்பாடமே வழி. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி சொற்களை எழுத்தடைவில் வைத்தது. மனப்பாடம் இல்லாதவரும் நடுவே பிரித்து, முன்னா பின்னா என்று பார்த்துச் சொல்லை அடையும் வழி அதனால் திறந்தது.

கணினி உலகில் இம்முறைக்கு 'இருமத் தேடல்' என்று பெயர். எனியாக் கணினியை உருவாக்கியவருள் ஒருவரான ஜான் மோக்லி, 1946-ஆம் ஆண்டு கோடையில் பிலடெல்பியாவின் மூர் பள்ளியில் நடந்த விரிவுரைகளில் இதனை எடுத்துரைத்தார். எளிய கருத்துத்தான். எனினும், வரிசை எந்த நீளமாக இருந்தாலும் பிழையின்றி இயங்கும் வடிவத்தை டெரிக் லேமர் வெளியிட்டது 1960-இல் என்று டொனால்ட் கனூத் குறிப்பிடுகிறார். இடையில் 14 ஆண்டுகள் சென்றிருந்தன!

இம்முறைக்கு வரிசையின் இரு முனைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லா வரிசைகளும் அப்படி அமைவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சிறிது சிறிதாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனை வாங்கி வந்த ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் இருந்த அகராதிக்குத் தொடக்கம் உண்டு, ஒழுங்கு உண்டு, முடிவு இன்னும் அச்சேறவில்லை. நம் ஊரும் அவ்வாறே. 1990-இல் திறக்கப்பட்டபோது சுவா சூ காங் பெருவிரைவு ரயில் நிலையம் அப்பாதையின் கடைசி நிலையம். 1996-இல் பாதை உட்லண்ட்ஸ் வழியாக நீண்டதும் அது இடைநிலையம் ஆயிற்று. வளர்ந்துகொண்டே இருப்பதன் நடுவை எவ்வாறு குறிப்பது?

இவ்வினாவை 1976-இல் ஜான் பென்ட்லி, ஆண்ட்ரூ யாவ் என்னும் இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்டனர். என் மாணவி கேட்ட அதே வினா: மேல்வரம்பு இல்லாத ஓர் எண்ணை எத்தனை வினாக்களில் கண்டுபிடிக்கலாம்? ஷாங்காயில் பிறந்த யாவ், பிற்காலத்தில், 2000-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றவர்.

அடிப்படை வழி இதுதான். முதலில் நடுவைத் தேடாதீர்கள். ஒரு வேலியைத் தேடுங்கள். 1-க்கு மேலா, 2-க்கு மேலா, 4-க்கு மேலா, 8-க்கு மேலா என்று இருமடங்காகத் தாவிச் செல்லுங்கள். "இல்லை" என்ற விடை வந்த இடமே வேலி. அதற்கும் முந்தைய தாவலுக்கும் இடையில் பழைய பாதியாக்கும் முறையைக் கையாளலாம். நினைத்த எண் 700 எனில், 1024 வரை 11 வினாக்கள், 513-க்கும் 1024-க்கும் இடையே 9 வினாக்கள், ஆக 20. ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால் 700 ஆகியிருக்கும். நீளம் அறியாத வரிசையிலும் இவ்வாறே 1, 2, 4, 8-ஆம் இடங்களைப் பார்க்க வேண்டும். தேடுவதைவிடப் பெரியது தென்பட்டாலும், வரிசையே தீர்ந்துபோனாலும், அங்கே வேலி அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அவ்விருவரும் இத்துடன் நிற்கவில்லை. எத்தனை முறை தாவ வேண்டும் என்பதும் வரம்பு தெரியாத ஓர் எண்தானே? அதனையும் இருமடங்கு முறையிலேயே தேடலாம் என்று காட்டினர். பத்து லட்சம் என்னும் எண்ணை எளிய முறையில் காண 40 வினாக்கள் வேண்டும். இவ்வாறு ஒருபடி மேலேறினால் 29 போதும்.

இனி ஒரு பிழையின் கதை. பென்ட்லி 1986-இல் வெளியிட்ட நூலில், தொழில்முறை நிரலர் பலரிடம் இருமத் தேடலை எழுதச் சொன்னதையும், மிகப் பெரும்பாலோர் பிழையோடு எழுதியதையும் பதிவு செய்தார். அவருடைய வகுப்பில் பயின்ற ஜோஷுவா பிளாக், ஜாவா மொழியின் நூலகத்துக்கு இத்தேடலை எழுதினார். அதில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை மறைந்திருந்ததை 2006-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். நடுவைக் காண இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். வரிசை மிக நீண்டதானால் அக்கூட்டுத்தொகை 2,147,483,647 என்னும் வரம்பைக் கடந்து எதிர்மறை எண்ணாகிவிடும். இத்தனை நீண்ட வரிசை வரும் என்று எவரும் எண்ணாததே காரணம். ஆசிரியர் பென்ட்லியின் நூலிலும் அதே பிழை இருந்ததாகப் பிளாக் எழுதினார். இருமடங்காகத் தாவும் முறையிலும் இவ்வரம்பைக் கவனிக்காவிட்டால் இதே இடர் நேரும்.

தமிழாசிரியர்க்கு இன்னொரு செய்தி. யூனிக்கோட்டில் 'ன' என்னும் எழுத்து 'ந'-வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ 'ற', 'ன' இரண்டும் இறுதியில் வருவன. ஆகவே அகராதி ஒழுங்கில் அடுக்கிய தமிழ்ச் சொற்பட்டியலில், குறியெண்களை மட்டும் ஒப்பிட்டுத் தேடும் நிரல், இருக்கும் சொல்லையே "இல்லை" என்று கூறிவிடக்கூடும். நெடுங்கணக்கு அறிந்தவரே அதனைத் திருத்த முடியும்.

2020 முதல் நம் தொடக்கப்பள்ளி உயர்நிலை மாணவர் அனைவர்க்கும் நிரலாக்க அறிமுகம் உண்டு. "தமிழுக்குச் செலவிடும் நேரத்தைக் கணினிக்குக் கொடுத்தால் என்ன?" என்று சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களிடம் இனி இந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கணினி அறிஞர் ஆராய்ந்த வினாவை அவள் கேட்டது எண்ணுப்பெயர் பயிலும் தமிழ் வகுப்பில், தமிழில்.

அடுத்த வாரம் வகுப்பில், "விதியை மீறியவள் நீ அல்ல, வரம்பைச் சொல்லாதவன் நான்" என்று அவளிடம் கூறிவிட்டு இருமடங்கு முறையைக் கரும்பலகையில் விளக்கினேன். அவள் மீண்டும் ஓர் எண்ணை நினைத்தாள். மாணவர்கள் "ஆயிரத்து இருபத்துநான்கு, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு" என்று தாவினார்கள். எண்ணுப்பெயர்ப் பயிற்சியும் நன்றாகவே நடந்தது. உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் விளையாடிப் பாருங்கள்.