கிரீஸ் டப்பாவும் என் ராஜ்தூத் பிரேக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் வாசலில் தன் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, "தாத்தா, கிரீஸ் டப்பா எங்கே?" என்று கேட்டான். டப்பாவை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்துவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். கிரீஸை அங்கே 'க்ரேஸ்' என்போம். 'தடித்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பிரேக்குக்கு 'ஃப்ரேன்'. அதன் மூலம் குதிரையின் கடிவாளம். 1902ல் டிரம் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் லூயி ரெனோ என்று எங்கள் ஆசிரியர் பெருமையாகச் சொல்வார். ஆனால் கடிவாளத்தில் கொழுப்பைத் தடவினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த முதல் கிரீஸ், தாத்தாவின் மாட்டு வண்டியில் தொங்கிய மூங்கில் குழாயில் இருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. அச்சாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, இருசில் தடவுவார். வண்டிக்கு வேகம் இல்லை, சூடும் அதிகம் இல்லை. அதற்கு அந்த மை போதுமானதாக இருந்தது.

ஆலைகளும் ரயிலும் வந்த 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பையும் கொழுப்பையும் சேர்த்துச் சோப்பாக்கி, அதில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கால்சியம் கிரீஸ் வந்தது. கிரீஸ் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்: எண்ணெயைத் தாங்கி நிற்கும் சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல் சோப்பு எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, ஆனால் சூடு தாங்காது. ஏறக்குறைய 100 டிகிரி வந்தால் அதற்குள் இருக்கும் சிறிதளவு ஈரமும் போய், சோப்பு வேறு எண்ணெய் வேறு என்று பிரிந்து ஒழுகும். 1942ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் லித்தியம் கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். அது 180 டிகிரி அளவுக்குத் தாங்கும், தண்ணீரையும் தாங்கும். இன்று கடையில் வாங்கும் பொதுவான கிரீஸ் பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

இந்த வித்தியாசம் எதுவும் தெரியாமல் 1979ல் நான் என் ராஜ்தூத்தின் முன் பிரேக்கைப் பிரித்தேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். குமாஸ்தா சம்பளத்தில் மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம். கடையில் சில்லறையாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மஞ்சள் கிரீஸை வாங்கினேன். பிரேக் பிளேட்டில் ஷூக்களை அகட்டும் கேம் இறுகிக் கிடந்தது. தாராளமாக அப்பினேன். ஷூ மாட்டும் ஆணியிலும் அப்பினேன். சக்கரத்துப் பேரிங்கிலும் வழிய வழிய அடைத்தேன். நன்றாகத்தான் சுழன்றது.

மறுநாள் சித்திரை வெயிலில், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அரியாங்குப்பம் பக்கம் போனேன். வழியெல்லாம் பிரேக் பிடித்துப் பிடித்துப் போனதில் டிரம் சூடாகியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி திடீரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் வந்தது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்ததில் சக்கரம் வழுக்கி, வைக்கோலில் மோதிச் சாய்ந்தோம். வைக்கோலாக இருந்ததால் பிழைத்தோம். அவள் முழங்கை தார் ரோட்டில் தேய்ந்து தோல் உரிந்துவிட்டது.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். டிரம் உள்ளே மஞ்சளாக எண்ணெய் பளபளத்தது. "தம்பி, சக்கரத்துக்குச் சோறு போட்டீங்க, பிரேக்குக்கு விஷம் வெச்சுட்டீங்க" என்றார். லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். உள்ளே ஊறிய எண்ணெய் வரவில்லை. புது லைனிங்தான் போட்டார். பிறகு கேமையும் ஆணியையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தீக்குச்சி நுனியில் கொஞ்சம் லித்தியம் கிரீஸ் எடுத்துத் தடவி, மிச்சத்தை விரலால் வழித்துவிட்டார். "கண்ணுக்குப் பளபளன்னு தெரியணும், விரல்ல வழியக் கூடாது." அளவுக்கு அவர் சொன்ன இலக்கணம் இதுதான்.

அப்போது அவர் பழைய லைனிங் தூசியை வாயால் ஊதினார், நானும் பக்கத்தில் நின்றேன். அந்நாளில் லைனிங் என்றால் கல்நார். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி பேரன் கதை. அவன் வண்டியில் டிஸ்க் பிரேக். 1969ல் ஹோண்டா சி.பி. 750 வந்த பிறகு மோட்டார் சைக்கிளில் பரவிய வகை. இங்கே கேம் இல்லை. திரவம் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வளையம். காலிப்பர் நகர இரண்டு ஊசிகள், அவற்றுக்கும் ரப்பர் உறை. என் டப்பாவில் இருப்பது மண்ணெண்ணெய் வம்சத்து எண்ணெய், அதாவது பெட்ரோலியத்தில் செய்தது. அது பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். பிஸ்டன் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஊசிகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ், ரப்பருக்கு அதற்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ். டிஸ்க்கிலும் பேடின் உராயும் முகத்திலும் எதுவும் படக்கூடாது.

அந்தச் சிவப்பு கிரீஸைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. அது விளக்கெண்ணெய் வழி வந்தது. ஆதி கால பிரேக் திரவத்திலும் சாராயத்தோடு விளக்கெண்ணெய்தான். இயற்கை ரப்பரை அது கெடுக்காது. 1909ல் காஸ்ட்ரால் என்ற பெயரே ஆங்கிலத்தில் ஆமணக்கு எண்ணெய்க்கு உள்ள பெயரில் இருந்து பிறந்தது. தாத்தாவின் மூங்கில் குழாயில் இருந்தது பேரனின் காலிப்பருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பேரனைக் கடைக்கு அனுப்பி இரண்டையும் வாங்கி வரச் சொன்னேன். வந்ததும், "எவ்வளவு தாத்தா தடவணும்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது: "அளவு வேணும்னா என்னைக் கேளு. அவருக்கு அளவு கத்துக்கொடுத்தது என் முழங்கை."