தஞ்சாவூருக்கு எத்தனை எழுத்து?

விம் எடிட்டரின் உதவிப் பக்கங்களில் ஸ்டிரிங்கின் நீளத்தைச் சொல்லும் பகுதிக்கு இது உரை. மூலத்தின் கருத்தை என் தமிழில் சுருக்கி முன்வைத்திருக்கிறேன். உதாரணச் சொல் எங்கள் ஊர்ப்பெயர்.

மூலம்: ஸ்ட்ர்லென், ஸ்டிரிங்கின் நீளத்தைப் பைட்டில் தரும்.

'நீளம்' என்ற சொல்லோடு கண் நின்றுவிடும். 'பைட்டில்' என்பதே இவ்வரியின் உயிர். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'தஞ்சாவூர்' என்று கொடுத்தால் 27 வரும். ஆங்கில எழுத்தில் 'ரைஸ்' என்று கொடுத்தாலோ 4 எழுத்து, 4 பைட்; எந்த ஃபங்ஷனை அழைத்தாலும் 4தான். ஆங்கிலச் சொல்லை மட்டும் உதாரணமாகக் காட்டும் விளக்கம், பிழையே இல்லாதபோதும் நம்மை வழிதவற வைக்கும்.

நானும் தவறினேன். நெல் ரகங்களின் பட்டியல் ஒன்றில் பெயர்களை 10 எழுத்துக்குள் நறுக்க நினைத்து, பைட் கணக்கில் வெட்டும் ஸ்ட்ர்பார்ட்டை எடுத்தேன். சீரகச்சம்பா 33 பைட். பத்தாவது பைட்டில் வெட்டியதும் 'சீர' மட்டும் மிஞ்சியது. அதன் பின்னால் ககரத்தின் முதல் பைட் மட்டும் உடைந்துபோய், கோண அடைப்புக்குள் ஓர் எண்ணாக நின்றது.

மூலம்: எழுத்துகளை எண்ண ஸ்ட்ர்சார்ஸ்.

இங்கே 'எழுத்து' என்று மொழிபெயர்ப்பதே பிசகு. இந்த ஃபங்ஷன் தஞ்சாவூருக்கு 9 என்கிறது: த, ஞ, புள்ளி, ச, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி. நம் இலக்கணப்படி ஞ் என்பது ஒரே எழுத்து. மெய்யே அடிப்படை, அதன்மேல் அகரம் ஏறி ஞ ஆகிறது. யூனிகோடில் இது தலைகீழ். அகரமேறிய ஞ முதலில், அதன்பின் புள்ளி தனிக் குறியாக. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருப்பவை போன்ற ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இட்டிருக்காது; எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர்தான் இடம்பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஏட்டில் கண்ணுக்கே தெரியாத அந்தப் புள்ளிக்கு இங்கே முழுசாக ஓர் எண். ஆகையால் 'குறிகளை எண்ண' என்றே நான் பாடம் கொள்வேன்.

மூலம்: இரண்டாம் மதிப்பாக 1 கொடுத்தால் சேர்க்கைக் குறிகள் எண்ணப்படா.

இப்போது விடை 5. த, ஞ், சா, வூ, ர். பள்ளியில் விரல் மடக்கி எண்ணியதும் இதுவே. ஸ்ட்ர்சார்லென் இதே வேலையை நேராகச் செய்கிறது. வேண்டிய விடை கடைசியில் ஒளிந்திருப்பதுதான் என் மனக்குறை. தமிழில் எழுதுபவருக்கு இது முதல் வரியாக வர வேண்டும். கிரந்தக் கூட்டெழுத்தில் மட்டும் கவனம்: க்ஷ நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இங்கே 2.

மூலம்: மெத்தடாகவும் அழைக்கலாம்.

2019இல் சேர்ந்த வசதி. அதற்காக ஃபங்ஷன் ஃபங்ஷனாகப் போய் இந்த வரியைச் சேர்த்தார்கள். பொருள் வெளிப்படை.

மூலம்: திரையில் பிடிக்கும் அகலத்துக்கு ஸ்ட்ர்விட்த்.

'அகலம்' என்பது டெர்மினலின் கட்டக் கணக்கு. சேர்க்கைக் குறிகளுக்குக் கட்டம் கிடையாது, எனவே தஞ்சாவூருக்கு 5. பத்திகளை நேராக்க உதவும் பிரிண்ட்எஃப் ஃபங்ஷனில் சிறிய எஸ் பைட் கணக்கில் இடைவெளி நிரப்பும், பெரிய எஸ் கட்டக் கணக்கில். பெரிய எஸ்ஸுக்கு மாறியதும் என் நெல் பட்டியல் ஓரளவு நேரானது. முழுக்க ஆகவில்லை. ஞ, சா, வூ போன்றவற்றைப் பல எழுத்துருக்கள் ஒரு கட்டத்துக்குள் அடக்குவதில்லை. கணக்கு 5 என்றாலும் பெயர் பக்கத்துப் பத்தியில் போய் முட்டுகிறது. இந்த வரிக்கு அடியில், தமிழுக்கு இது தோராய அளவே என்று ஒரு குறிப்பும், 27, 9, 5 மூன்றும் சேர்ந்த ஓர் உதாரணமும் எழுதி வைத்திருக்கிறேன்.