பிளக் பாயின்ட் அமைப்பு: பழைய சென்னை வீடுகள்

மயிலாப்பூர், தியாகராய நகர், வடபழனி பகுதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் வயரிங் பெரும்பாலும் சுவருக்கு வெளியேதான் ஓடும். தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த வயர், அல்லது மூடியிட்ட மரக் கேசிங். சுவிட்சுகளும் 5 ஆம்பியர் பிளக்கும் தோளுயரத்தில் ஒரே மரப்பலகையில் இருக்கும். விளக்கு, ஃபேன், ரேடியோவுக்கு அது போதும். கீசருக்கும் ஏசிக்கும் போதாது. பல பழைய பிளக்குகளில் எர்த் கிடையாது. உள்ளே திருகு தளர்ந்தால் இணைப்பு சூடேறும். துளையைச் சுற்றிப் பலகை பழுப்பாகக் கருகியிருப்பது அதன் முதல் அடையாளம். அந்தப் பிளக்கை உடனே நிறுத்திவிட வேண்டும்.

புதுப் பாயின்ட்டுக்காக நிலை, தூண், உத்தரம் எதையும் குடையக் கூடாது. வெட்டிய தேக்கை மீட்க முடியாது. சுண்ணாம்புச் சுவரைப் பூசிவிடலாம். நிலையை ஒட்டிய சுவரில், திறந்த கதவு மறைக்காத பக்கமாக, உலோகப் பெட்டி பதிப்பதே நல்லது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடுகளில் பிளக் தாழ்வாக இருக்கக் கூடாது. ஏசிக்கும் கீசருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனி லைன், எர்த்துடன் 16 ஆம்பியர் சாக்கெட், முழு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் தேவை. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, பிளக், சாக்கெட்டுகளுக்கு ஐ.எஸ். 1293 ஆகிய இந்தியத் தர விதிகள் பொருந்தும். கருகாத பழைய பலகையைக் கழற்றி எறியாமல், பின்னால் உலோகப் பெட்டி வைத்து முகப்பாகவே பயன்படுத்தலாம்.